பட்டியல் தெரிந்த இருவர்

செத்துப்போன கட்சிக்கு வரலாறு எழுதும் வேலை கடைசியில் டைப்பக்காவின் தலையில் வந்து விழுந்தது. கட்சி உயிரோடு இருந்த காலத்திலும் அதன் எழுத்து வேலை எல்லாம் அவள் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. அதனால் இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை, அவள் உட்பட.

கட்சியைக் கலைத்துப் பத்தொன்பது வருடங்கள் ஆகிவிட்டன. கலைக்கிற கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்து, ஒன்பது பேரும் கை தூக்கிவிட்டுப் போனார்கள். இப்போது மிச்சம் மூன்றே பேர். எண்பத்தாறு வயதில் கண் இரண்டும் போய்விட்ட கடைசிச் செயலாளர், அவரைக் கைபிடித்துக் கூட்டிவரும் தையல்காரர், எழுபத்தொரு வயது டைப்பக்கா. ஏதோ ஒரு பல்கலைக்கழக நூலகம் கட்சியின் பழைய காகிதங்களை எடுத்துக்கொள்ள முன்வந்திருந்தது. சும்மா காகிதத்தைக் கொடுத்தால் போதாது, அறுபது பக்கத்தில் ஒரு வரலாறும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். பேட்டரிக் கடைக்கு மேலே இருந்த கட்சி அறையை அந்த மாதத்தோடு காலி செய்தாக வேண்டும் என்பதால் தவணை கேட்கவும் வழியில்லை.

அவள் காலையில் மாடியேறி வந்து, ஜன்னலைத் திறந்து, மேசையைத் துடைத்துவிட்டு, பழைய டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். கீழே கடையில் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏறும் புளித்த வாடை படிக்கட்டு வழியாக மேலே வரும். சுவரெல்லாம் மடக்கு நாற்காலிகள். எதிர்க்கட்சிக்காரர்கள் இவர்களை 'நாற்காலிக் கட்சி' என்று கிண்டல் செய்வார்கள். ஆளைவிட நாற்காலி அதிகம் என்று அர்த்தம். அந்தக் கிண்டலில் பொய் ஒன்றும் இல்லை.

முதல் இருபது பக்கம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. ஒரு தையற்கடையின் பின்கட்டில் பதினேழு பேர் கூடிக் கட்சி தொடங்கியது, உலகத்தையே புரட்டிப்போடப் போவதாக அறிக்கை விட்டது, அறிக்கை அடிக்க அச்சகம் கிடைக்காமல் கையாலேயே முன்னூறு பிரதி எழுதியது. பிறகு முதல் பிளவு. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று ஆறு மாதம் சண்டை போட்டு, நிற்பவர்கள் ஒரு பக்கமும் நிற்காதவர்கள் ஒரு பக்கமும் போனார்கள். நின்றவர்கள் தோற்றார்கள். இரண்டாவது பிளவு எதற்காக என்று பிரிந்து போனவர்களுக்கே சரியாகத் தெரியாது. நகராட்சியில் ஒரே ஒரு வார்டை ஒருமுறை ஜெயித்தார்கள். அந்த வார்டில் ஒரு பொதுக்குழாய் போட்டார்கள். அதில் இன்றைக்கும் தண்ணீர் வருகிறது. எந்தப் பெரிய கட்சி தன் வாக்குறுதியை இவ்வளவு காலம் ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறது என்று டைப்பக்கா சுருக்கென்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த முடிவையும் இரண்டு முறை ஓட்டுக்கு விடுவார்கள். முதல் முறை அவரவர் மனசுப்படி. இரண்டாம் முறை தோற்றவர்களும் சேர்ந்து கை தூக்க வேண்டும். குறிப்பேட்டில் ஏறுவது இரண்டாவது மட்டும். அதனால்தான் அந்தக் குறிப்பேடுகளைப் புரட்டினால் கட்சியில் யாரும் யாரையும் பார்த்து முகம் சுளித்ததாகக்கூடத் தெரியாது. எல்லாமே 'ஏகமனதாக' நடந்திருக்கும். டைப்பக்காதான் கூட்டக் குறிப்பு எடுப்பவள் என்பதால் ஓட்டு நேரத்தில் அவள் வலது கை பேனாவோடு ஓடிக்கொண்டிருக்கும், இடது கை ஏட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். "டைப்பக்கா கை வேலையா இருக்கு, தூக்கினதா வெச்சுக்கலாம்" என்பார் செயலாளர். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். இப்படி இருபத்தெட்டு வருடம் ஒருமுறைகூடக் கையைத் தூக்காமலே அவள் எல்லாவற்றுக்கும் சம்மதித்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் ஆலை வேலைநிறுத்தத்தின் வருடத்துக்கு வந்து சேர்ந்தாள். வருடத்தை எண்ணில் அடித்தாள். அடுத்த வார்த்தைக்கு விரலைத் தூக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒருமுறை செருமி, கொஞ்சம் விட்டு, மறுபடி ஒருமுறை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மடக்கு நாற்காலிகள்தான் இருக்கும் என்று தெரியும். அந்தச் செருமல் யாருடையது என்பதும் தெரியும். பணிமனையில் இரும்பு கடையும் லேத்து ஓட்டியவர் அவர். இரும்புத்தூள் தொண்டையிலேயே குடியிருந்தது, பேசுவதற்கு முன்னால் இரண்டு முறை செருமாமல் அவருக்கு வார்த்தை வராது. லேத்துக்காரர் செத்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. கட்சி அவரை வெளியேற்றி நாற்பத்து மூன்று. பேய் பிசாசை நம்பக் கூடாது என்பது கட்சித் திட்டத்திலேயே இருந்தது, அதை அடித்தவளும் அவள்தான். ஆனாலும் "சும்மா இருங்க அண்ணே, எழுதிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று நாற்காலிகளைப் பார்க்காமலே வாய்விட்டுச் சொன்னாள். சொன்னது பொய். அன்று முழுக்க அந்த வருடத்துக்குக் கீழே ஒரு எழுத்துக்கூட விழவில்லை.

நடந்தது இதுதான். ஆலைக்குள்ளே வேலைநிறுத்தத்தை நடத்தப் பதினொரு பேரைக் கட்சி ரகசியமாகத் தேர்ந்தெடுத்தது. பட்டியலை டைப்பக்கா இரண்டு படி அடித்தாள். ஒன்று செயலாளருக்கு, மற்றது ஆலைக்குத் தகவல் கொண்டுபோகும் லேத்துக்காரருக்கு. பட்டியலில் நாலாவது பெயர் லேத்துக்காரரின் மனைவிக்குத் தம்பி. அந்தப் பையன் வேலை செய்தது நெசவுப் பிரிவில். அவள் அவசரத்தில் நூற்புப் பிரிவு என்று அடித்துவிட்டாள். தாளை உருவிய பிறகுதான் கண்ணில் பட்டது. இரண்டு படியிலும் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தாள்.

ரகசியக் காகிதத்துக்கு ஒரு விதி உண்டு. புதுக் கார்பன் போட வேண்டும், ஒரே தடவைதான், அடித்த கையோடு எரித்துவிட வேண்டும். அடித்த எழுத்தெல்லாம் கார்பனில் அச்சாகத் தங்கிவிடும், வெளிச்சத்தில் பிடித்தால் யாரும் படிக்கலாம். எரிக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒரே ஒரு முறை எழுத்து விழுந்த பளபளப்பான கார்பன், இன்னும் ஐந்தாறு தடவை தாங்கும். கட்சியோ ஒரு குண்டூசியைக்கூட நிமிர்த்தித் திரும்பப் பயன்படுத்தும் கட்சி. சிக்கனம் என்றால் டைப்பக்காவைப் பாருங்கள் என்று செயலாளர் கூட்டத்தில் நாலு பேர் நடுவில் சொல்லியிருந்தார், அந்தப் பெருமையும் சேர்ந்துகொண்டது. கார்பனை மடிக்காமல் பைக்குள் வைத்தாள். பகலில் அவளுக்குக் கோர்ட்டு வாசலில் டைப்படிக்கும் பிழைப்பு. மறுநாள் ஒருவர் அரைப்பக்க விண்ணப்பம் ஒன்று அடிக்க வந்தார். அவளுடைய கார்பன் தீர்ந்திருந்தது. பையிலிருந்த கட்சிக் கார்பனை எடுத்து, எழுத்து விழாத கீழ்ப்பாதி மேலே வரும்படி தலைகீழாகத் திருப்பிப் போட்டு அடித்தாள். அவர் தாள்களை அப்படியே சுருட்டி வாங்கிக்கொண்டு போனார், நடுவில் கார்பனோடு. அவர் ஆலையில் ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் எழுத்தர் என்பது விண்ணப்பத்திலேயே இருந்தது. அவள்தான் அடித்தாள். கை அடித்ததே தவிர புத்தியில் ஏறவில்லை. சாயங்காலம் பையைத் துழாவியபோதுதான் கார்பன் யாரோடு போயிற்று என்று உறைத்தது.

நாலாம் நாள் பதினொரு பேரையும் போலீஸ்காரர்கள் ஆலைக்குள்ளேயே வளைத்துப் பிடித்தார்கள். வேலைநிறுத்தம் பிசுபிசுத்துப் போனது. பத்துப் பேர் ஒரு வருடத்தில் வெளியே வந்தார்கள். லேத்துக்காரர் மனைவியின் தம்பி வரவில்லை. சிறையிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனான், இருபத்திரண்டு வயதில்.

பிடித்துக்கொண்டு போன மறுவாரம் இதே அறையில் கூட்டம் நடந்தது. பட்டியல் யார் யாருக்குத் தெரியும் என்று செயலாளர் கேட்டு, அவரே பதிலும் சொன்னார். தனக்கும் லேத்துக்காரருக்கும், இரண்டே பேருக்குத்தான். டைப்பக்கா ஏட்டில் 'இருவர்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். யாராவது ஒருவர் தன் பக்கம் பார்ப்பார்கள், இதை அடித்தது யார் என்று கேட்பார்கள் என்று காத்திருந்தாள். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள், அதில் அவளுக்கு இன்றுவரை சந்தேகமில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. உழைப்பவரின் கட்சி என்று பலகையில் எழுதி வைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து உழைத்தவளை ஒரு ஆளாக எண்ணத் தோன்றவில்லை அந்த மேதைகளுக்கு. அந்தக் கோபம் அவளுக்கு ஒரு வசதியாகவும் போயிற்று. வாயைத் திறக்காததற்கு அது பொறுப்பேற்றுக்கொண்டது.

அப்போது தையல்காரர் தான் கேள்விப்பட்ட ஒன்றைச் சொன்னார். நாலாவது பையனைப் பிடித்துக்கொடுக்க ஆலை மேஸ்திரி முதலில் போனது நூற்புப் பிரிவுக்காம். அங்கே ஆளில்லாமல் விழித்துவிட்டுப் பிறகுதான் நெசவுக்கு வந்தானாம். மற்றவர்களுக்கு அது வெறும் செய்தி. லேத்துக்காரர் மட்டும் தலையைத் தூக்கி டைப்பக்காவைப் பார்த்தார். பேனாத் திருத்தம் போட்ட படி அவரிடம்தான் இருந்தது. திருத்தாத பிழை கார்பனில்தான் தங்கியிருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு முறை செருமினார். கூட்டம் காத்திருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தவர் என்று முதல் ஓட்டு போட்டார்கள். இரண்டாம் ஓட்டில், வழக்கப்படி, தன்னை வெளியேற்றும் தீர்மானத்துக்குத் தானே கை தூக்கினார். 'ஏகமனதாக' என்று டைப்பக்கா எழுதினாள்.

புதன்கிழமையும் செருமல் கேட்டது, படிக்கட்டில். அவள் நாற்காலியை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் ஒரு ஐம்பது வயதுப் பெண் மூச்சுவாங்க ஏறி வந்து நின்றாள். அந்த அகன்ற நெற்றியைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. லேத்துக்காரரின் மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். காகிதங்கள் நூலகத்துக்குப் போவதாகக் கேள்விப்பட்டு வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். சுற்றி வளைக்காமல் பேசினாள். வரலாற்றில் அப்பாவின் பெயரே வர வேண்டாம். அவர் நல்லவர் என்றும் எழுத வேண்டாம், கெட்டவர் என்றும் எழுத வேண்டாம், அப்படி ஒருவர் இருந்ததாகவே எழுத வேண்டாம். தன் மகன் அதே பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறான், என்றைக்காவது ஒருநாள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவான் என்றாள்.

"அம்மா சாகுற வரைக்கும் அப்பாகிட்ட பேசலக்கா. பதினாறு வருஷம், ஒரே வீட்டுல. சோறு போட்டு மூடி வெச்சுட்டுப் போயிடுவாங்க. மாமாவைக் கொன்னவருன்னு நினைச்சாங்க. நான் நடுவுல நின்னு, அம்மா சொன்னதை அப்பாவுக்கும் அப்பா சொன்னதை அம்மாவுக்கும் சொல்லிச் சொல்லி வளர்ந்தேன். போதும். அந்தப் பேரு எங்கேயும் வேண்டாம்."

செயலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை வா என்று டைப்பக்கா அனுப்பி வைத்தாள். அவள் போன பிறகு தன் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தாள். நிம்மதி. வெட்கங்கெட்ட, கொழுத்த நிம்மதி. பாதிக்கப்பட்டவளே வந்து எழுத வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்கிறாள். எழுதாமல் விட்டால் அது கருணையும்கூட. கருணை என்ற பெயரில் தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல சந்து கிடைக்குமா? அன்றைக்கு அறையில் செருமல் நின்றுவிட்டது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. எதிரே லேத்துக்காரர் உட்கார்ந்துகொண்டு, பேசாமல், முன்பு பார்த்த அதே பார்வையைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே பட்டது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கட்சியின் கடைசிக் கூட்டம் கூடியது. கலைத்த கட்சிக்கு ஏது கூட்டம் என்று கேட்கலாம், ஆனால் எழுதியதை உரக்கப் படித்து ஓட்டுக்கு விடாமல் கையைவிட்டு அனுப்பினால் செயலாளருக்குத் தூக்கம் வராது. தையல்காரர் அவரைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். மகள் சுவரோரம் உட்கார்ந்தாள். தையல்காரர் பக்கம் பக்கமாக உரக்கப் படித்தார். குழாயைப் பற்றிய வரி வந்ததும் செயலாளர் பொக்கை வாயால் சிரித்தார். ஆலை வருடம் வந்ததும் படிப்பு நின்றது. அங்கே வருடம் மட்டும்தான் இருந்தது, கீழே வெள்ளைத் தாள்.

மகள் கேட்டு வந்ததை டைப்பக்கா எடுத்துச் சொன்னாள். செயலாளர் முதலில் பிடி கொடுக்கவில்லை. முடிவு முடிவுதான், குறிப்பேட்டில் இருப்பதை மறைக்க யாருக்கும் உரிமை கிடையாது என்றார். மகள் எதிர்த்துப் பேசவில்லை. மெல்ல விசும்பி அழுதாள். கிழவருக்குக் கண் தெரியாவிட்டாலும் காது நன்றாகக் கேட்கும்.

"சரி, அந்தப் பத்தியே வேண்டாம். விட்டுடலாம். கை தூக்குங்க" என்றார். தான் தூக்கினார். தையல்காரர் தூக்கினார். "டைப்பக்கா கை வேலையா இருக்கும். தூக்கினதா வெச்சுக்கலாம்."

டைப்பக்காவின் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. அவற்றையே பார்த்தாள். "இல்லைண்ணே. என் கை சும்மாத்தான் இருக்கு. நான் தூக்கல" என்றாள்.

எழுந்து நின்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பட்டியல் தெரிந்தது இரண்டு பேருக்கு அல்ல, மூன்று பேருக்கு என்றாள். மூன்றாவது ஆள் யார் என்று செயலாளர் கேட்டார், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அவள் கார்பனிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். எரிக்க மனசு வராதது, தலைகீழாகத் திருப்பிப் போட்டது, எழுத்தர் சுருட்டிக்கொண்டு போனது, நூற்புப் பிரிவு, லேத்துக்காரர் பார்த்த பார்வை. எதையும் மென்று விழுங்கவில்லை. தனக்காக ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்ளவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த அந்தக் கோபம் அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் எடுத்து வைக்க லாயக்கற்றதாகத் தெரிந்தது.

செயலாளர்தான் முதலில் பேசினார். "இதை இப்ப எழுதினா கட்சி என்னம்மா ஆகும்?"

"கட்சி எங்கண்ணே இருக்கு?" என்றார் தையல்காரர்.

மகள் அழுகையை நிறுத்தியிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. பேச ஆரம்பித்தபோது குரல் நோயாளியிடம் பேசுவதுபோல நிதானமாக இருந்தது.

"கடைசி மாசம் அப்பா ஒண்ணு சொல்லிக்கிட்டே இருந்தார். கட்சியிலிருந்து ஒருத்தர் வருவாங்க, வந்தா சத்தம் போடாத, முதல்ல உட்காரச் சொல்லுன்னார். யாருன்னு கேட்டா சொல்ல மாட்டார். யார் படியேறி வந்தாலும் எட்டிப் பார்ப்பார். சாவுக்குக்கூட நீங்க யாரும் வரல."

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்ததை டைப்பக்கா சொல்லலாம். அதைச் சொல்லி இப்போது யாருக்கு என்ன?

"உட்காரச் சொல்லத்தான் சொன்னார்" என்றாள் மகள். "எனக்கு வாய் வரல. அம்மா ஞாபகம் வருது. நீங்க நின்னுக்கிட்டே அடிங்க. அப்பா பேரைப் போட்டு, முழுசா அடிங்க. நான் பார்த்துட்டுத்தான் போவேன்."

டைப்பக்கா நின்றபடியே குனிந்து அடித்தாள். முதுகு விண்விண் என்று தெறித்தது. லேத்துக்காரர் என்று அடிக்கவில்லை. அவர் அப்பா வைத்த பெயரை, தகப்பன் பெயரோடு, முழுதாக அடித்தாள். குற்றமற்றவர் என்று அடித்தாள். பட்டியல் அறிந்தவர் மூவர் என்று அடித்தாள். கார்பனைப் பற்றி ஆறு வரி. மூன்றாமவரின் பெயர் வர வேண்டிய இடத்தில் விரல்கள் தயங்கின. அந்தப் பெயரை அந்த இயந்திரத்தில் அவள் ஒருநாளும் அடித்ததில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து, தாளை உருவித் தையல்காரரிடம் கொடுத்தாள்.

வழக்கப்படி அவர் உரக்கப் படித்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கடைசி வரியில் இருந்த பெயரைப் படித்துவிட்டுத் தையல்காரர் தாளை இறக்கினார்.

செயலாளர் தலையைச் சாய்த்து யோசித்தார். அந்தப் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"யாரது?" என்றார். "நம்ம கட்சியில அப்படி ஒருத்தர் இருந்தாங்களா?"

"இருந்தேன்" என்றாள் அவள்.